கொழுப்பு எரிந்தது, நேரம் குறையவில்லை: கான்பெரா நடைப்பந்தய வீரர்கள் குறித்த நிகழ்வு ஆய்வு

மாவுச்சத்தை வெகுவாகக் குறைத்து, கொழுப்பைக் கூட்டி உண்டுகொண்டே ஓடவும் கடுமையாக உடற்பயிற்சி செய்யவும் முடியுமா என்று கேட்டால், முடியும் என்பதே விடை. இதில் இன்று யாருக்கும் பெரிய ஐயம் இல்லை. அப்படி உண்பவரின் வேகம் என்ன ஆகிறது என்பதுதான் பல ஆண்டுகள் இழுபறியாக இருந்த கேள்வி. அந்தக் கேள்வியை உலகத் தரமுள்ள வீரர்களை வைத்தும், பயிற்சியையும் உணவையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கவனித்தும் சோதித்த நிகழ்வு ஒன்று உண்டு. 2015ஆம் ஆண்டின் இறுதியிலும் 2016ஆம் ஆண்டின் தொடக்கத்திலும், ரியோ ஒலிம்பிக் நெருங்கிக்கொண்டிருந்த வேளையில், ஆஸ்திரேலியத் தலைநகர் கான்பெராவில் உள்ள ஆஸ்திரேலிய விளையாட்டுக் கழகத்தில் நடைப்பந்தய வீரர்களுக்காக நடத்தப்பட்ட பயிற்சி முகாம்கள்தான் அவை. 'சூப்பர்நோவா' என்று பெயரிடப்பட்ட இந்த ஆய்வை முன்னின்று நடத்தியவர் லூயிஸ் பர்க் என்ற விளையாட்டு ஊட்டச்சத்து வல்லுநர்.

இந்த ஆய்வு ஏன் தேவைப்பட்டது என்பதற்கு ஒரு முன்கதை இருக்கிறது. 1983இல் அமெரிக்க மருத்துவர் ஸ்டீபன் ஃபின்னி, நன்கு பயிற்சி பெற்ற ஐந்து மிதிவண்டி வீரர்களுக்கு ஒரு நாளைக்கு 20 கிராமுக்கும் குறைவான மாவுச்சத்து உள்ள உணவை நான்கு வாரம் கொடுத்து, அதற்கு முன்னும் பின்னும் களைத்து நிற்கும்வரை அவர்களை மிதிக்கச் செய்தார். வழக்கமான உணவில் சராசரியாக 147 நிமிடங்களும், கொழுப்பு உணவுக்குப் பின் 151 நிமிடங்களும் அவர்கள் தாக்குப்பிடித்தனர். தசையில் இருந்த கிளைக்கோஜன், அதாவது சேமித்து வைக்கப்பட்ட மாவுச்சத்தின் இருப்பு பாதியளவுக்குக் குறைந்தபின்னும் உழைக்கும் நேரம் குறையவில்லை என்பது அன்று வியப்பாகத்தான் இருந்தது. ஆனால் அந்தச் சராசரியைச் சற்று ஒதுக்கிவைத்துப் பார்த்தால் ஐவரும் ஐந்து விதமாக மாறியிருந்தார்கள். ஒருவர் அடைந்த பெரும் முன்னேற்றம் மற்றவர்களின் சறுக்கலை மறைத்துவிட்டது. அதோடு, சோதனை நடந்த வேகம் அவர்களுடைய உச்ச ஆக்சிஜன் திறனில் (உடல் ஒரு நிமிடத்தில் அதிகபட்சம் பயன்படுத்தக்கூடிய ஆக்சிஜன் அளவில்) ஏறத்தாழ 62 முதல் 64 சதவீதம் மட்டுமே. பந்தயத்தில் யாரும் அவ்வளவு நிதானமாக மிதிப்பதில்லை.

அதன்பின் தொண்ணூறுகளிலும் இரண்டாயிரங்களின் தொடக்கத்திலும் பர்க் உள்ளிட்ட பலர், ஐந்தாறு நாள் கொழுப்பு உணவு, பிறகு ஒரு நாள் மாவுச்சத்து என்ற கலப்பு முறையைத் திரும்பத் திரும்பச் சோதித்தனர். கொழுப்பை எரிக்கும் அளவு கூடியது. பந்தய நேரம் மட்டும் அசையவில்லை. 2006இல் கேப் டவுனில் நடந்த ஒரு சோதனையில் எட்டு மிதிவண்டி வீரர்கள் 100 கிலோமீட்டர் தூரத்தை ஏறக்குறைய அதே நேரத்தில்தான் கடந்தனர். ஆனால் இடையிடையே வைக்கப்பட்ட 1 கிலோமீட்டர் விரைவோட்டங்களில், கொழுப்புக்குப் பழகியவர்களின் கால்களில் வழக்கமான திறன் இல்லை. அதே ஆண்டில் பர்க், இந்த வழியில் இனிப் பயனில்லை என்ற தொனியில் ஒரு கட்டுரையும் எழுதினார். அவரே 2015இல், முடிவு கட்டுவதில் அவசரப்பட்டுவிட்டோமோ என்று வெளிப்படையாகக் கேட்டு இன்னொரு கட்டுரை எழுதியதுதான் இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த இடம்.

அவரை மறுபடி யோசிக்க வைத்தது காலத்தின் போக்கு. மாரத்தான் உலகில் மாவுச்சத்தின் பெருமையைப் பல்லாண்டுகள் எடுத்துச் சொன்ன தென்னாப்பிரிக்கப் பேராசிரியர் டிம் நோக்ஸ், தமக்கு இரண்டாம் வகை நீரிழிவு இருப்பதை அறிந்து 2010இன் இறுதியில் அடியோடு மாறி, குறைந்த மாவுச்சத்து உணவின் பெரும் ஆதரவாளர் ஆகியிருந்தார். 2016இல் அமெரிக்க ஆய்வாளர் ஜெஃப் வோலெக், ஃபின்னி உள்ளிட்டோர் சேர்ந்து இருபது நெடுந்தூர வீரர்களைப் பற்றிய ஆய்வை வெளியிட்டனர். சராசரியாக இருபது மாதங்கள் கொழுப்பு உணவில் இருந்த பத்துப் பேர் நிமிடத்துக்கு 1.54 கிராம் கொழுப்பை எரித்தனர்; வழக்கமான உணவு உண்ட பத்துப் பேரால் 0.67 கிராம்தான் முடிந்தது. அதுவரை பாடநூல்கள் மனித உடலுக்குச் சாத்தியம் என்று சொல்லிவந்த எல்லைக்கு வெகு மேலே இருந்தது அந்த எண். ஆனால் அந்த ஆய்வில் பந்தயம் எதுவும் வைக்கப்படவில்லை. மூன்று மணி நேரம் டிரெட்மில்லில் மிதமான வேகத்தில் ஓடவிட்டு, எரிந்தது எது என்று மட்டுமே பார்த்தார்கள். தமிழ்நாட்டில் 'பேலியோ' என்ற பெயரில் இந்த உணவுமுறை பரவியபோது ஓட்டக்காரர்களிடையே புழங்கிய பேச்சும் பெரும்பாலும் இந்த ஒற்றை எண்ணைச் சுற்றியதுதான்.

கான்பெராவில் ஓட்டக்காரர்களை விட்டுவிட்டு நடைப்பந்தய வீரர்களைத் தேர்ந்தெடுத்தது விந்தையாகத் தோன்றலாம். நடைப்பந்தயத்தில் ஒரு கால் எப்போதும் தரையில் பட்டிருக்க வேண்டும். முன்னே வைத்த கால் தரையைத் தொட்டது முதல் உடலுக்கு நேராக வரும்வரை முழங்கால் மடங்கக் கூடாது. இந்தக் கட்டுப்பாடுகளோடு 20 கிலோமீட்டரையும் அன்றிருந்த 50 கிலோமீட்டர் பந்தயத்தையும் முடிப்பவர்கள் வாரத்துக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் பயிற்சி செய்வது வாடிக்கை. 50 கிலோமீட்டர் பந்தயம் மூன்றரை மணி நேரத்துக்கு மேல் நீடிக்கும் என்பதால், கொழுப்பு எரிபொருள் எங்காவது கைகொடுக்கும் என்றால் அது இங்கேதான் என்பது நியாயமான எதிர்பார்ப்பு. ஆய்வு, தான் சோதிக்கும் கருத்துக்கு மிகச் சாதகமான களத்தையே தேர்ந்தெடுத்தது என்று சொல்லலாம்.

இருபத்தொரு வீரர்கள் பங்கேற்றனர். சிலர் இரண்டு முகாம்களிலும் கலந்துகொண்டதால் மொத்தம் இருபத்தொன்பது பதிவுகள் கிடைத்தன. மூன்று வாரக் கடும் பயிற்சி அனைவருக்கும் பொது. உணவு மட்டும் மூன்று வகை. முதல் குழுவுக்கு நாள் முழுதும் மாவுச்சத்து தாராளமாகக் கிடைத்தது. இரண்டாம் குழுவுக்கு மொத்த அளவு அதேதான் என்றாலும், சில பயிற்சிகளைக் கிளைக்கோஜன் குறைந்த நிலையிலும் சிலவற்றை நிறைந்த நிலையிலும் செய்யும்படி நேரம் மாற்றிக் கொடுக்கப்பட்டது. மூன்றாம் குழுவுக்கு ஒரு நாளைக்கு 50 கிராமுக்கும் குறைவான மாவுச்சத்து. மொத்த ஆற்றலில் 75 முதல் 80 சதவீதம் கொழுப்பிலிருந்து. புரதம் மூன்று குழுக்களுக்கும் ஒரே அளவு, உடல் எடையில் கிலோவுக்கு 2.1 கிராம். மொத்த ஆற்றலும் சமமாகவே வைக்கப்பட்டது.

இந்த எண்களை நம் சாப்பாட்டுத் தட்டில் வைத்துப் பார்த்தால்தான் வேறுபாட்டின் அளவு உறைக்கும். மாவுச்சத்துக் குழுவினர் உடல் எடையில் கிலோவுக்கு ஏறத்தாழ 8.6 கிராம் மாவுச்சத்து உண்டார்கள். 65 கிலோ எடையுள்ள ஒருவருக்கு அது ஒரு நாளைக்கு 560 கிராம், அதாவது வடித்த சோற்றில் சுமார் இரண்டு கிலோ. கொழுப்புக் குழுவினருக்கோ நடுத்தர அளவில் ஐந்தாறு இட்லி சாப்பிட்டாலே அன்றைய முழு ஒதுக்கீடும் தீர்ந்துவிடும். அதன்பின் அன்று பாலில் உள்ள சர்க்கரைக்கும் வெங்காயத்துக்கும்கூட இடமில்லை. இப்படியொரு கட்டுப்பாட்டை வீட்டில் சொந்தக் கணக்கில் கடைப்பிடிப்பவர்கள் பெரும்பாலும் தாம் நினைப்பதைவிட இருமடங்கு மாவுச்சத்து உண்டுகொண்டிருப்பார்கள் என்பது என் அனுபவம். முகாமில் அந்தச் சிக்கல் எழவில்லை. ஆய்வுக் குழுவின் உணவியலாளர்களே உணவைத் திட்டமிட்டு, எடைபோட்டுப் பரிமாறினார்கள்.

எரிபொருளை அளந்த முறையையும் சற்று நெருங்கிப் பார்ப்பது நல்லது, ஏனெனில் இந்த நிகழ்வின் புதிர் அங்கேதான் இருக்கிறது. வீரர் டிரெட்மில்லில் நடக்கும்போது மூச்சு மூக்கு வழியே கசியாதபடி அடைத்து, வாயில் வைத்த குழாய் வழியே வெளிவிடும் காற்று முழுவதையும் கருவிக்குள் செலுத்துவார்கள். உள்ளே இழுத்த ஆக்சிஜன் எவ்வளவு, வெளிவிட்ட கரியமில வாயு எவ்வளவு என்ற விகிதத்தைக் கொண்டு எரிவது எது என்று கணக்கிடலாம். முழுக்க மாவுச்சத்து எரிந்தால் இந்த விகிதம் 1.0, முழுக்கக் கொழுப்பு என்றால் 0.7. ஒரே கருவி இரண்டு செய்திகளைச் சொல்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும்: எந்த எரிபொருள் எரிகிறது என்பது ஒன்று, அந்த வேகத்தில் நடக்க எவ்வளவு ஆக்சிஜன் செலவாகிறது என்பது மற்றொன்று. கொழுப்பு உணவைப் பற்றிய பேச்சில் முதல் செய்திதான் எப்போதும் அடிபடும். பந்தயத்தின் முடிவைத் தீர்மானித்ததோ இரண்டாவது செய்தி.

மூன்று வாரத்தில் கொழுப்புக் குழுவினரின் உடல் வியக்கத்தக்க அளவில் மாறியது. உச்சத் திறனில் ஏறத்தாழ 80 சதவீதத்தில் இரண்டு மணி நேரம் நடந்தபோது அவர்கள் நிமிடத்துக்கு 1.57 கிராம் வரை கொழுப்பை எரித்தனர். இருபது மாதம் பழகிய அமெரிக்க வீரர்கள் தொட்ட அளவை மூன்றே வாரத்தில் எட்டிவிட்டார்கள். அது நிமிடத்துக்கு 14 கலோரி. அந்த வேகத்தில் நடக்கத் தேவையான ஆற்றலில் பெரும்பங்கு அது. உச்ச ஆக்சிஜன் திறனும் மூன்று குழுக்களிலும் உயர்ந்தது, பயிற்சி வீணாகவில்லை.

பின்னர் 10 கிலோமீட்டர் பந்தயம் நடந்தது. முகாமின் தொடக்கத்தில் நடந்த அதே தூரத்துடன் ஒப்பிட்டபோது மாவுச்சத்துக் குழு 6.6 சதவீதமும், நேரம் மாற்றி உண்ட குழு 5.3 சதவீதமும் முன்னேறியிருந்தன. கொழுப்புக் குழுவின் சராசரி 1.6 சதவீதம் பின்னடைவு. அதன் புள்ளிவிவர எல்லை 8.5 சதவீதப் பின்னடைவு முதல் 5.3 சதவீத முன்னேற்றம் வரை அகன்று கிடந்தது. ஒருவருக்கு ஒருவர் பெருத்த வேறுபாடு இருந்தது என்று அதற்குப் பொருள். ஆகவே 'கொழுப்பு உணவு எல்லோரையும் மந்தமாக்கியது' என்று இதைச் சொல்வது சரியாகாது. மூன்று வாரக் கடும் பயிற்சியால் மற்றவர்களுக்குக் கிடைத்த முன்னேற்றம் இவர்களுக்குக் கிடைக்கவில்லை என்பதே துல்லியமான வாசகம்.

காரணம் வேதியியலில் இருக்கிறது, அது எளிமையானதும்கூட. ஒரு லிட்டர் ஆக்சிஜனைக் கொண்டு மாவுச்சத்தை எரித்தால் ஏறத்தாழ 5.05 கலோரி கிடைக்கும். கொழுப்பை எரித்தால் 4.69 கலோரிதான். எடைக்கு எடை கொழுப்பில் இருமடங்குக்கு மேல் ஆற்றல் இருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் வேகமாகச் செல்பவருக்குத் தட்டுப்பாடு எரிபொருளில் இல்லை, அதை எரிக்கும் ஆக்சிஜனில் இருக்கிறது. நிமிடத்துக்கு 3.5 லிட்டர் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் வீரர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். மாவுச்சத்து எரிந்தால் அவருக்கு 17.7 கலோரி, கொழுப்பு எரிந்தால் 16.4 கலோரி. ஏழு சதவீத இடைவெளி. விறகு நிறைய அடுக்கியிருந்தும் அடுப்புக்குக் காற்றோட்டம் போதாத நிலை இது. 20 கிலோமீட்டர் பந்தய வேகத்தில் நடக்கும்போது, மற்ற இரு குழுவினரும் தங்கள் புதிய உச்சத் திறனில் முன்பைவிடக் குறைந்த பங்கையே செலவிட்டனர். கொழுப்புக் குழுவினருக்கு அந்தப் பங்கு பழைய நிலையிலேயே நின்றது. பயிற்சியால் கூடிய திறன் முழுவதையும் எரிபொருள் மாற்றம் விழுங்கிவிட்டது.

மூன்று வாரம் போதாது, உடல் பழக ஆறு மாதம் வேண்டும் என்பது இந்த முடிவுக்கு எதிராக அடிக்கடி வைக்கப்படும் வாதம். களைப்பு, மனநிலை, தூக்கம் போன்றவை காலப்போக்கில் சீராகலாம் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் கொழுப்பெரிப்பு மூன்று வாரத்திலேயே உச்சத்தைத் தொட்டுவிட்டது. பர்க் குழுவினர் 2021இல் வெளியிட்ட ஆய்வில் ஐந்தாறு நாள்களிலேயே அதன் பெரும்பகுதி நிகழ்ந்துவிடுகிறது என்று கண்டார்கள். மேலும், ஒரு லிட்டர் ஆக்சிஜனுக்குக் கொழுப்பு தரும் ஆற்றல் ஆறு மாதம் கழித்தும் 4.69 கலோரியாகத்தான் இருக்கும். இதைவிட வலுவான குறை ஒன்று உண்டு: வீரர்கள் எந்தக் குழுவில் சேர்வது என்பதில் அவர்களுடைய விருப்பத்துக்கு இடம் தரப்பட்டது, என்ன உண்கிறோம் என்பதும் அவர்களுக்குத் தெரியும். கொழுப்புக் குழுவில் சேர்ந்தவர்கள் அந்த உணவின்மீது நம்பிக்கை கொண்டவர்கள் என்பதால், இந்தக் குறை அந்த உணவுக்குச் சாதகமாகவே சாய்ந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

கதையைச் சிக்கலாக்கியவர் கனடாவின் இவான் டன்ஃபி. முகாமில் கொழுப்பு உணவை உண்டு, அதன்பின் மாவுச்சத்துக்குத் திரும்பிய அவர், 2015 டிசம்பரில் மெல்போர்னில் 50 கிலோமீட்டரை 3 மணி 43 நிமிடம் 45 விநாடியில் கடந்து கனடாவின் தேசியச் சாதனையைப் படைத்தார். அடுத்த ஆண்டு ரியோவில் நான்காம் இடம். கொழுப்பில் பயிற்சி செய்துவிட்டு மாவுச்சத்தில் பந்தயம் நடந்தால் இரண்டின் பலனும் கிடைக்குமோ என்ற எண்ணம் ஆய்வாளர்களுக்கே எழுந்தது. ஒருவரின் வெற்றியை விதியாக்காமல், அதைச் சோதிக்கவே இன்னொரு முகாமை நடத்தினார்கள். 2020இல் வெளியான அதன் முடிவில், 10 கிலோமீட்டரில் மாவுச்சத்துக் குழு 134 விநாடி (4.8 சதவீதம்) முன்னேறியிருந்தது, கொழுப்புக் குழு 86 விநாடி (2.3 சதவீதம்) பின்தங்கியிருந்தது. அதன்பின் எல்லோரும் மாவுச்சத்துக்குத் திரும்பி, இரண்டரை வாரம் பயிற்சியைத் தளர்த்திக்கொண்டு 20 கிலோமீட்டர் நடந்தார்கள். முன்பு கொழுப்பில் பயிற்சி செய்தவர்களுக்குத் தனி ஆதாயம் எதுவும் தென்படவில்லை.

பந்தய நாளில் மட்டும் சோறு சாப்பிட்டால் சரியாகிவிடாதா என்று கேட்பவர்களுக்கான விடை, 2006இலேயே தசைத் துணுக்குகளை ஆராய்ந்து கண்டறியப்பட்டது. கொழுப்புக்குப் பழகிய தசையில், மாவுச்சத்தை ஆற்றலாக மாற்றும் பாதையின் வாயிலில் நிற்கும் பைருவேட் டீஹைட்ரஜனேஸ் என்ற நொதியின் செயல்பாடு குறைந்துவிடுகிறது. ஒரு நாள் முழுக்க மாவுச்சத்து உண்டு கிளைக்கோஜனை நிரப்பினாலும், தேவையான வேகத்தில் அதை எடுத்துச் செலவிட முடிவதில்லை. கிளைக்கோஜன் மிச்சமாகிறது என்று முதலில் பெருமையாகச் சொல்லப்பட்டது, உண்மையில் கிளைக்கோஜனைப் பயன்படுத்தத் தெரியாமல் போன நிலை. கேப் டவுன் மிதிவண்டி வீரர்களுக்கு விரைவோட்டத்தில் நேர்ந்ததும் இதனால்தான் என்று கருத இடமிருக்கிறது.

இவ்வளவுக்குப் பிறகும் அமெரிக்க நெடுந்தூர ஓட்டக்காரர் ஸாக் பிட்டர் நினைவுக்கு வராமல் இருக்க மாட்டார். கொழுப்பு மிகுந்த உணவுக்குப் பெயர்போன அவர், 2019 ஆகஸ்டில் மில்வாக்கி நகரின் உள்ளரங்கத் தடத்தில் 100 மைலை 11 மணி 19 நிமிடம் 13 விநாடியில் ஓடி உலகச் சாதனை படைத்தார். கிலோமீட்டருக்கு 4 நிமிடம் 13 விநாடி என்ற அந்த வேகம் நமக்குப் பறப்பது போலத் தோன்றினாலும், அவருடைய உச்சத் திறனுக்கு அது நன்றாகக் கீழே இருப்பது; அங்கே ஆக்சிஜன் தட்டுப்பாடு முதன்மையானதல்ல. தவிர, கடும் பயிற்சிக் காலத்திலும் பந்தயத்தின்போதும் அவர் மாவுச்சத்து எடுத்துக்கொள்வதை மறைத்ததில்லை.

நம்மைப் போன்ற சாதாரண ஓட்டக்காரரின் நிலை கான்பெரா வீரர்களைவிட பிட்டருக்கே நெருக்கமானது. 70 கிலோ எடையுள்ள ஒருவர் மாரத்தானை ஐந்து மணி நேரத்தில் முடித்தால் அவருக்கு நிமிடத்துக்குச் சுமார் 10 கலோரி போதும். பழகிய உடலுக்குக் கொழுப்பிலிருந்தே அதைப் பெறுவது கடினமல்ல. 85 கிலோவிலிருந்து 75 கிலோவுக்கு இறங்கியவருக்கு ஒவ்வொரு கிலோமீட்டரிலும் ஏறத்தாழ 12 சதவீத ஆற்றல் மிச்சம். ஏழு சதவீத இழப்பு அதற்குள் அடங்கிவிடும். பேலியோவுக்கு மாறிய பின் வேகம் கூடியது என்று நண்பர்கள் சொல்லும்போது அவர்கள் பொய் சொல்லவில்லை. எடை இறங்கியதன் பலனைக் கொழுப்பின் பலனாக எழுதிக்கொள்கிறார்கள், அவ்வளவுதான். எடை நிலைபெற்று, 10 கிலோமீட்டர் நேரத்தைக் குறைக்க மேடு ஏறியும் விரைந்தும் பயிற்சி செய்யத் தொடங்கும் நாளில்தான் அவர்களும் கான்பெராவின் கணக்குக்குள் வருகிறார்கள்.

இந்த உணவுக்கு மாறிய முதல் இரண்டு வாரங்களில் ஓடுபவருக்கு நேரும் தலைச்சுற்றலும் கால் கனமும் பெரும்பாலும் உப்பின் பிரச்சினை. மாவுச்சத்து குறைந்தால் இன்சுலின் குறைகிறது, இன்சுலின் குறைந்தால் சிறுநீரகம் உப்பைக் கூடுதலாக வெளியேற்றுகிறது. நம் ஊர் வெயிலில் வியர்வையும் சேர்ந்துகொள்ளும். ஃபின்னி தம் வீரர்களுக்கு அன்றே உப்பைச் சேர்த்துக் கொடுத்தார். ரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர் இந்த உணவோடு ஓடத் தொடங்கினால் அழுத்தம் அளவுக்கு மீறி இறங்கலாம். நீரிழிவுக்காக இன்சுலினோ கிளிமெபிரைடு வகை மாத்திரையோ எடுப்பவருக்குச் சர்க்கரை தாழலாம். எம்பாக்ளிஃப்ளோசின் வகை நீரிழிவு மாத்திரை எடுப்பவருக்கு ரத்தத்தில் கீட்டோன் அமிலம் மிகும் ஆபத்தும் உண்டு. இவர்கள் மருத்துவரிடம் மருந்தளவைத் திருத்திக்கொண்ட பின்பே தொடங்க வேண்டும்.

சூப்பர்நோவா முகாம்களிலிருந்து வந்த இன்னொரு செய்தி எலும்பைப் பற்றியது. முப்பது வீரர்களின் ரத்தத்தை மூன்றரை வார இடைவெளியில் ஒப்பிட்டு 2020இல் வெளியான ஆய்வில், கொழுப்புக் குழுவினரிடம் எலும்பு கரைவதைக் காட்டும் குறியீடு உயர்ந்தும், எலும்பு உருவாவதைக் காட்டும் குறியீடு தாழ்ந்தும் இருந்தன. மாவுச்சத்தை மீண்டும் கொடுத்தபோது அந்த மாற்றம் ஓரளவே சீரானது. மூன்றரை வாரத்தில் யாருக்கும் எலும்பு முறிந்துவிடவில்லை. ஆனால் ஆண்டுக்கணக்கில் இதே உணவில் வாரம் ஐம்பது கிலோமீட்டர் ஓடும் ஒருவரின் காலெலும்பில் தொடர்ந்து வலி வந்தால், மருத்துவரிடம் போகும்போது தாம் என்ன உண்கிறோம் என்பதையும் அவர் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கும்.